இடது பக்கத்து முக்கோணங்கள்

துணிக்கடை மாடியில் ஒட்டுப்போர்வை தைக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் பெயர் கொடுத்தது இளையவள்தான். மறு வாரமே மூத்தவளும் சேர்ந்துவிட்டாள். தனக்குத் தெரியாத ஒன்றை இளையவள் தனியாகக் கற்றுக்கொண்டு வந்துவிடக் கூடாதென்றுதான் அக்கா வந்தாள் என்பது இளையவளின் கட்சி.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் கீழ்த்தளத்தில் ஒருத்தியும் மேல்தளத்தில் ஒருத்தியுமாகப் பல வருஷக் குடித்தனம். சண்டை என்று ஒன்று வந்ததில்லை. உரசல் மட்டும் ஓயாது. மூத்தவள் பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட்டுகளைச் சரிபார்க்கும் பிரிவுக்குத் தலைமை. பெல்ட்டில் ஓடிவரும் பாக்கெட்டுகளில் ஓரம் லேசாக மடிந்த ஒன்றை எட்டி நின்றே பிடித்துவிடுவாள். அந்தக் கண் வீட்டுக்கு வந்த பிறகும் ஓய்வெடுக்காது. "ஏம்மா, உன் ஜன்னல் திரை ஒரு பக்கம் இறங்கியிருக்கே", "இந்தப் பாத்திரத்துல சோப்பு போகலையே" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவாள். சொன்னது எப்போதும் சரியாக இருக்கும். எரிச்சலே அதுதான்.

இளையவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் மூக்கில் ஃப்ரேமை மாட்டி "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்டுவிட்டு வருகிறவள். "எங்க கடையில வராத கண்ணு கிடையாது. அக்கா கண்ணு மாதிரி ஒண்ணை மட்டும் நான் பார்த்ததில்லை" என்று புருஷனிடம் முணுமுணுப்பாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஒட்டுப்போர்வைக்கு இங்கிலீஷில் "குயில்ட்" என்று அவள் சொன்னதும் அவன் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமை காலையானால் போதும், "குயில் கிளாஸுக்கு ரெண்டு குயிலும் கிளம்பியாச்சா? ஒண்ணு கூவும், ஒண்ணு குத்தும்" என்று மாடிப்படியில் நின்று கத்துவான்.

சொல்லிக்கொடுத்தவள் கடைக்காரப் பெண். இருவரையும்விடச் சின்ன வயசு, பேச்சு மட்டும் எக்ஸ்பிரஸ் வேகம். முதல் நாளே, "நேர்த் தையல் போடத் தெரிஞ்சா போதும், இதுல வளைவே கிடையாது, பயப்படாதீங்க" என்றாள். வேலையும் அப்படித்தான் இருந்தது. நீளநீளமாக ஒரே அகலத்தில் துணிப் பட்டைகள் வெட்டி, நாலு நிறத்தை அடுத்தடுத்துத் தைத்து இஸ்திரி போட வேண்டும். பிறகு அதன்மேல் முக்கோண ஸ்கேலை வைத்து, சின்னச் சக்கரம் போல உருளும் கத்தியால் இரண்டு ஓரமும் வெட்ட வேண்டும். ஸ்கேலைத் தலைகீழாகத் திருப்பி அடுத்தது. மறுபடி நேராக வைத்து அதற்கடுத்தது. ஒரு துண்டு வீணாகாது. ஆறு முக்கோணத்தின் முனைகளை நடுவில் சேர்த்தால், நிறங்கள் வளையம் வளையமாகச் சுற்றிவர ஒரு பூ வந்துவிடும். அப்படிப் பல பூக்கள் சேர்ந்தது ஒரு போர்வை.

முதன்முதலாக அந்தப் பூ மேஜைமேல் விரிந்தபோது இளையவள் வாயைப் பிளந்தாள். கோடு கோடாக இருந்த துணி எப்படி இப்படி ஆனது! மூத்தவளும் மலைத்துத்தான் போனாள், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. இளையவளின் பூவை எட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல பாரு, முனைங்க ஒண்ணை ஒண்ணு பார்க்கவே மாட்டேங்குது. ஏதாவது கோவமா?" என்றாள். மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இளையவளும் சிரித்து வைத்தாள்.

அடுத்தடுத்த வாரங்களும் இதே கதை. மூத்தவள் வைத்த முனைகளுக்கு நடுவே ஊசி நுழைய இடமிருக்காது.

அந்தச் சனிக்கிழமை தைப்பதற்கு முன்பு பூக்களை மேஜையில் அடுக்கிப் பார்க்கும் நாள். மூத்தவள் தன் பங்குக்கு ஒரு பூவை அடுக்கி முடித்தாள். ஆறு முக்கோணமும் அச்சில் வார்த்தது போல இருந்தன. டீ வந்தது. எல்லோரும் ஜன்னலோரம் போய்க் குடித்தார்கள். "என்னோடது முடிஞ்சதும் உன்னோடதையும் சரி பண்ணித் தரேன், கவலைப்படாதே" என்று மூத்தவள் சொன்னாள். இளையவளுக்குச் சுருக்கென்றது. டம்ளரை வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

மூத்தவளும் வந்து உட்கார்ந்து அடுத்த பூவைத் தொடங்கினாள். வலது பக்கம் மூன்று முக்கோணம் வைத்தாள். அத்தோடு நிறுத்திக்கொண்டு, அதன் கீழே இன்னொரு பூவைத் தொடங்கினாள். அதற்கும் மூன்று, அதுவும் வலது பக்கம். மூன்றாவதும் அப்படியே. அந்தப் பக்கமாக வந்த டீச்சர், "ஓ, பாதி பாதியா அடுக்கறீங்களா? அதுவும் நல்ல முறைதான், தைக்கிறப்போ சுலபமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே, தன் கைபேசியில் எல்லோருடைய மேஜையையும் படம் எடுத்தபடி போய்விட்டாள்.

மூத்தவள் நிமிர்ந்து, "எப்படி இருக்கு?" என்றாள்.

"மீதியையும் வைங்கக்கா, சொல்றேன்."

"மீதியா? முழுசா வெச்சாச்சே."

இளையவள் மேஜையைப் பார்த்தாள். மூன்று அரைப் பூக்கள் இடது பக்கமே இல்லாமல், கத்தியால் பிளந்தது போல வரிசையாகக் கிடந்தன. வைக்க வேண்டிய முக்கோணங்கள் மூத்தவளின் இடது முழங்கைக்குப் பக்கத்தில் அடுக்கியபடியே இருந்தன.

தன்னைத்தான் கேலி செய்கிறாள் என்று இளையவளுக்குத் தோன்றியது. "என்னக்கா, என் பூ லட்சணத்தைச் செஞ்சு காட்டறீங்களா?"

"உன்னை யாரு என்ன சொன்னா? பூ நல்லா இருக்கான்னுதானே கேட்டேன்."

"பாதிதான் இருக்கு."

"கண்ணாடிக் கடையில இருந்துக்கிட்டு கண்ணு தெரியலையா உனக்கு? ஆறும் இருக்கு பாரு." மூத்தவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். மூன்றைத் தொட்டதும் விரல் திரும்பவும் முதலாவதுக்கே போனது. முகத்தில் விளையாட்டு இல்லை. காலையில் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டபோது இருந்த அதே முகம்.

இளையவள் கையிலிருந்த முக்கோணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து மூத்தவளின் இடது பக்கம் போய் நின்று, "அக்கா" என்றாள்.

மூத்தவள் சட்டென்று வலது பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். "யாரு கூப்பிட்டா?"

"நான்தான்க்கா. இங்க இருக்கேன்."

மூத்தவள் இன்னும் கொஞ்சம் வலது பக்கமாகவே திரும்பி, நாற்காலிக்குப் பின்னால்வரை தேடினாள். பக்கத்திலேயே நிற்கிறவளை நோக்கி அந்தக் கழுத்து திரும்பவே இல்லை. "எங்க போய் நின்னுக்கிட்டு கூப்பிடுற?"

கண்ணில்தான் கோளாறு என்று இளையவள் முதலில் நினைத்தாள். ஒரு கண் மங்கிப்போய் வருகிறவர்களைக் கடையில் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், தடவுவார்கள், புலம்புவார்கள். இது அப்படி இல்லை. இவளுக்கு எதுவுமே குறையவில்லை. உலகத்தில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது போல உட்கார்ந்திருந்தாள்.

"சரி, நின்னு வேடிக்கை பார்க்காதே, எனக்கு இன்னும் வெட்டணும்" என்று சொல்லி, மூத்தவள் தைத்த பட்டையை முன்னால் இழுத்துப் போட்டு, முக்கோண ஸ்கேலை வலது கையால் எடுத்து வைத்தாள். இடது கை முன்பே மேஜைமேல் கிடந்தது. வைத்த கை போல இல்லை, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது. விரல்கள் ஸ்கேலின் சாய்ந்த ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. மூத்தவள் சக்கரக் கத்தியை எடுத்தாள்.

"உன் கைய எடும்மா" என்றாள்.

இளையவளுக்குப் புரியவில்லை. "என் கையா?"

"ஸ்கேலுக்குக் குறுக்கே வெச்சிருக்கியே. எடு, வெட்டிடப் போறேன்."

இளையவள் தன் இரண்டு கைகளையும் தூக்கி மூத்தவளின் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "அக்கா, என் கை ரெண்டும் இங்க இருக்கு. அது உங்க கை."

"சும்மா இரு. எனக்கு என் கை தெரியாதா?"

கத்தி உருண்டது.

இளையவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்ததில் ஸ்கேல் எகிறி தரையில் விழுந்தது. முழுதாகத் தடுக்க முடியவில்லை. மூத்தவளின் இடது சுண்டுவிரல் ஓரத்தில் கத்தி பட்டு, வெள்ளைப் பட்டையில் ரத்தம் சொட்டியது. கையை உதறவில்லை. வலியில் ஒரு சத்தம்கூட வரவில்லை. அந்தக் கை அப்படியே கிடந்தது.

மூத்தவள் ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "அய்யய்யோ, உன் விரலை வெட்டிட்டேனே! சொன்னேனே எடுன்னு! ரொம்ப வலிக்குதாம்மா?"

இத்தனை வருஷத்தில் அவள் இளையவளிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. மற்றவர்கள் ஓடிவந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போதுதான் இளையவள் கவனித்தாள், மூத்தவளின் வாய் இடது ஓரத்தில் இறங்கியிருந்தது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க" என்று டீச்சரைப் பார்த்துக் கத்தினாள். அந்தக் குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

வண்டி வந்ததும் மூத்தவள் அசைய மறுத்தாள். "எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? வெட்டுப்பட்டது உனக்கு. நான் பேசாம உக்கார்ந்திருக்கேன், நீ போய்க் கட்டு போட்டுக்கிட்டு வா." ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். டீச்சர் கெஞ்சினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மூத்தவள் பிடிவாதம் பிடித்தால் அவள் புருஷனாலேயே அசைக்க முடியாது.

இளையவள் அவளுக்கு வலப்பக்கம் வந்து குனிந்தாள். "ஆமாக்கா, எனக்குத்தான் வெட்டு. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. தனியாப் போக பயமா இருக்கு. துணைக்கு வாங்க."

"அதை முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்று மூத்தவள் உடனே எழுந்தாள். எழுந்தவளின் இடது கால் துணி போல மடிந்தது. கீழே விழுவதற்குள் மூன்று பேர் தாங்கிப் பிடித்தார்கள். "தரை வழுக்குது, பார்த்து" என்று அவள் மற்றவர்களை எச்சரித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" என்பதுதான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டது போலத் தெரிகிறது, அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், எப்போது தொடங்கியது என்று தெரியாமல் கொடுத்தால் ஆபத்து என்றாள்.

"டீ வரைக்கும் நல்லா இருந்தாங்க" என்றாள் இளையவள்.

"நிச்சயமா? காலையிலேயே தொடங்கியிருக்கலாம், நீங்க கவனிக்காம இருந்திருக்கலாம்."

"இல்ல டாக்டர். டீக்கு முன்னாடி ஒரு பூ வெச்சாங்க, ஆறு முக்கோணமும் சரியா இருந்துச்சு. டீக்கு அப்புறம் வெச்சது எல்லாம் பாதி. எல்லாத்துலயும் இடது பக்கம் இல்ல."

டாக்டரம்மாவுக்குப் பூவும் புரியவில்லை, முக்கோணமும் புரியவில்லை. ஆனால் கடைசி வார்த்தையைக் கேட்டதும் தலையாட்டினாள். டீ எப்போது வந்தது என்று கூட வந்திருந்த டீச்சர் சொல்ல, மூத்தவளைத் தலையில் ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடியே அவள், "முதல்ல அவளுக்குக் கட்டு போடுங்க, நான் வெளிய உக்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். இளையவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் சுண்டுவிரலை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், தனக்குத்தான் காயமோ என்று.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது மூத்தவளின் புருஷன் வந்தார். பேக்கரியில் அடுப்படி வேலை. கையிலிருந்த மாவைக்கூடக் கழுவாமல் ஓடிவந்திருந்தார். நேரே கட்டிலுக்குப் போய் மனைவியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கதவுப் பக்கம் இருந்தது அவளுடைய இடது கை.

மூத்தவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, "அவர் இன்னும் வரலையா?" என்று கேட்டாள்.

பெரிய ஆள் அப்படியே கல்லாகிவிட்டார். "நான்... நான் இங்கதான் இருக்கேன்" என்றார். அவள் வலது பக்கமாகத் தேடினாள். "சத்தம் கேக்குது, ஆளைக் காணோமே."

"மாமா, இந்தப் பக்கம் வாங்க" என்று இளையவள் அவரைக் கையைப் பிடித்துக் கட்டிலைச் சுற்றி அழைத்து வந்தாள். அவர் முகம் தெரிந்ததும் மூத்தவள், "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மறுநாள் சொன்னார்கள். கால் சீக்கிரமே திரும்பியது. கையும் மெல்ல மெல்ல அசைய வந்தது, ஆனால் அவளாக அதை எடுத்து எதுவும் செய்ய மாட்டாள். வாய்க்கோணல் போன இடம் தெரியவில்லை. இடது பக்கம் என்ற நினைப்பு மட்டும் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? வயிறு நிறையலையே" என்பாள். யாராவது தட்டைத் திருப்பி வைத்தால் திடுக்கிட்டு, "இது எப்ப வந்துச்சு?" என்பாள். தலையில் வலப்பக்கம் மட்டும் வாரிக்கொண்டு வெளியே கிளம்புவாள்.

கண்ணில் கோளாறில்லை, மூளைதான் இடது பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்று பயிற்சி கொடுத்தவர் விளக்கினார். அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தே பேசுங்கள், ஓரத்தில் சிவப்பாக ஏதாவது வையுங்கள், சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்பச் சொல்லுங்கள் என்றார். இளையவள் மேஜைவிரிப்பின் இடது ஓரத்தில் நல்ல சிவப்பாக ஒரு பட்டையைத் தைத்துப் போட்டாள். வேலை முடிந்து வந்ததும் கீழே போய் மூத்தவளின் இடது பக்கமே உட்காருவாள். மூத்தவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவளைத் தேடிப் பிடிப்பாள். "உன் முகத்தைப் பார்க்க இவ்வளவு பாடுபடணும்னு என் தலையெழுத்து" என்பாள்.

அன்று நடந்தது எதையும் அவள் நம்பவில்லை என்பதுதான் விசித்திரம். லேசாக மயக்கம் வந்தது, மற்றதெல்லாம் இளையவள் கூட்டிச் சொல்வது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் டீச்சர் பார்க்க வந்தாள். என்னதான் நடந்தது என்று மூத்தவள் விடாமல் கேட்கவே, தயங்கித் தயங்கிக் கைபேசியில் அன்று அவள் மேஜையை எடுத்த படத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள்.

மூத்தவள் பார்த்தாள். பழக்கியபடி தலையை இடது பக்கம் திருப்பினாள், கைபேசியின் விளிம்புவரை விரலை ஓட்டினாள். மறுபடியும் பார்த்தாள்.

"இதை யாரு வெச்சது?"

"நீங்கதான்க்கா" என்றாள் இளையவள்.

"இல்ல. நான் வெச்சது முழுசா இருந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். எண்ணிக்கூடப் பார்த்தேன்." குரல் உடைந்தது. "சத்தியமா ஆறு இருந்துச்சும்மா."

மூத்தவள் தன் இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்து, சுண்டுவிரலில் இருந்த தழும்பைப் பார்த்தாள். "அப்ப அன்னைக்கு வந்த ரத்தம்?"

"உங்களோடது."

"உன் காயம் ஆறிடுச்சான்னு கேக்கணும் கேக்கணும்னு இருந்தேனே இத்தனை நாளா. நீயா சொல்லட்டும்னு பேசாம இருந்தேன்."

எல்லோரும் அன்றைக்கே பட்டுத் தீர்த்த அதிர்ச்சி அவளிடம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. மேஜை, சுவர், கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையும் நம்பாத பார்வை. பிறகு இளையவளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவும் இந்த ரூம்ல நான் பார்க்காதது ஏதாவது இருக்கா?"

இளையவளும் ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். "இருந்தா நான் சொல்றேன்க்கா."

"உடனே சொல்லணும்."

"உடனே சொல்றேன்."

அந்த வாரமே தொழிற்சாலைக்குச் சொல்லி அனுப்பினாள், இனி சரிபார்க்கும் பிரிவு வேண்டாம் என்று. "எதை விட்டேன்னு எனக்கே தெரியாதப்ப, நான் என்னத்தைச் சரிபார்க்கிறது?" என்றாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்கும் இடத்தைக் கொடுத்தார்கள்.

இளையவள்தான் அவளைப் பயிற்சிக்கு அழைத்துப் போய் வந்தாள். ஒருநாள் மாலை ஆஸ்பத்திரி வாசலில் தெருவைக் கடக்க நின்றார்கள். இடது பக்கம் நின்ற இளையவள் மூத்தவளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாக எடுத்து வைக்கிறாளா என்று. பார்த்துக்கொண்டே தன் காலைத் தெருவில் இறக்கினாள். மூத்தவள், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நிதானமாக, தோள்வரை மோவாயைக் கொண்டுபோய், இடது பக்கம் முழுக்கத் திரும்பினாள்.

"நில்லு!"

இடது கையை நீட்டி இளையவளின் மார்புக்குக் குறுக்கே போட்டு அவளைப் பின்னால் தள்ளினாள். எதிர்த்திசையில், விளக்கும் போடாமல் வந்த பைக் ஒன்று உரசுகிற மாதிரி பறந்து போனது.

"வண்டி வர்றதுகூடத் தெரியாம எங்கேம்மா பார்த்துக்கிட்டு வர்றே?" என்று அதட்டினாள் மூத்தவள். அந்தக் கை இன்னும் இளையவளை விடவில்லை. இருவருமே அந்தக் கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார்கள்.